ஹனோய் கோபுரமும் 39 இலக்கப் பகா எண்ணும்: பள்ளி ஆசிரியர் எடுவார்ட் லூகாஸின் கதை

இன்ஜினியரிங் படித்தவர் என்றால் இந்தக் காட்சி உங்களுக்கு மறந்திருக்காது. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் லேப். மூன்று குச்சிகள், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய வட்டுகள். ஒரு தடவைக்கு ஒரு வட்டுதான் நகர்த்தலாம், சின்னதன் மேல் பெரியதை வைக்கக்கூடாது. 'டவர்ஸ் ஆஃப் ஹனோய்'. ரிகர்ஷன் புரிந்ததோ இல்லையோ, நான்கு வரி புரோகிராமை மனப்பாடம் செய்து வைவாவைத் தாண்டியிருப்பீர்கள். பிறகு வேலைக்கான இன்டர்வியூவிலும் அதே கேள்வி வந்திருக்கும்.

அந்த விளையாட்டை உருவாக்கியவர் பெயரை யாரும் உங்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் எடுவார்ட் லூகாஸ், பிரான்ஸ் நாட்டுக்காரர். 1891-ல், 49 வயதில் இறந்துபோன பள்ளி ஆசிரியர். கணித உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது அந்தப் பொம்மைக்காக அல்ல, ஒரு எண்ணுக்காக:

170141183460469231731687303715884105727

மொத்தம் 39 இலக்கங்கள். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத பகா எண். சுருக்கமாக எழுதினால் 2¹²⁷−1. லூகாஸ் இதை 1876-ல், கணினி இல்லாத காலத்தில், கையால் கணக்குப் போட்டுப் பகா எண் என்று அறிவித்தார். அதற்குப் பிறகு 75 ஆண்டுகள், 1951 வரை, இதைவிடப் பெரிய பகா எண்ணை யாராலும் காட்ட முடியவில்லை. கையால் மட்டுமே கண்டறியப்பட்ட மிகப்பெரிய பகா எண் என்ற பெயர் இன்றும் இதற்குத்தான்.

39 இலக்க எண்ணை ஒரு மனிதர் பேனாவும் காகிதமும் வைத்துக்கொண்டு எப்படிச் சோதித்தார்? அதைத் தெரிந்துகொள்ள அவர் வாழ்க்கையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பீரங்கிப் படையிலிருந்து வகுப்பறைக்கு

லூகாஸ் பிறந்தது 1842 ஏப்ரல் 4-ம் தேதி, வடக்கு பிரான்ஸின் ஆமியான் நகரில். பாரிஸின் புகழ்பெற்ற எக்கோல் நார்மல் சுப்பீரியரில் படித்தார். அங்கே இடம் கிடைப்பது அன்றும் இன்றும் லேசுப்பட்ட காரியமில்லை. படிப்பு முடிந்ததும் பாரிஸ் வானாய்வுக் கூடத்தில் உதவியாளர் வேலை. அப்போது அங்கே தலைமை வகித்தவர் லெ வெரியே. நெப்டியூன் கோள் எங்கே இருக்கும் என்பதைத் தொலைநோக்கியைத் தொடாமல் கணக்குப் போட்டே சொன்ன அதே லெ வெரியே. கணக்கில் மேதை. ஆனால் கீழே வேலை பார்ப்பவர்களை வாட்டி எடுப்பதிலும் பேர் போனவர்.

1870-ல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. லூகாஸ் பீரங்கிப் படை அதிகாரியாகப் போனார். பிரான்ஸ் தோற்றது. போர் முடிந்த பிறகு, நாட்டின் நடுப்பகுதியில் உள்ள மூலான் என்ற சிறிய ஊரில் கணித ஆசிரியரானார். பிறகு பாரிஸுக்கு மாறி, சார்லமான், சான் லூயி ஆகிய பள்ளிகளில் வகுப்பெடுத்தார். சான் லூயி உயர்கல்வி நுழைவுத் தேர்வுகளுக்கு மாணவர்களைத் தயார் செய்யும் பள்ளி. நம்ம ஊர் ஜேஇஇ கோச்சிங்கை நினைத்துக்கொண்டால் ஓரளவு புரியும். கடைசிவரை அவர் பள்ளி ஆசிரியர்தான். எண் கணிதத்தில் அவர் செய்த வேலையெல்லாம் வகுப்பு நேரம் போக மிச்ச நேரத்தில் செய்தவை.

பீரங்கிப் படையில் இருந்த அனுபவமோ என்னவோ, 1875-ல் அவர் ஒரு புதிர் போட்டார். பீரங்கிக் குண்டுகளைச் சதுர அடித்தளம் கொண்ட பிரமிடாக அடுக்குகிறீர்கள். மேலே 1, அதற்குக் கீழே 4, பிறகு 9, 16 என்று போகும். அதே குண்டுகளைக் கலைத்துத் தரையில் பரப்பினால் ஒரு முழுச் சதுரமாக அமைய வேண்டும். எத்தனை அடுக்கு வைத்தால் இது நடக்கும்? 24 அடுக்கு என்றால் 4,900 குண்டுகள், அதாவது 70-க்கு 70 சதுரம். ஒரே ஒரு குண்டு என்ற அற்பமான விடையை விட்டுவிட்டால் வேறு விடையே இல்லை என்றார் லூகாஸ். ஆனால் முழுமையான நிரூபணம் தரவில்லை. 1918-ல் தான் அது வந்தது, தந்தவர் ஜி.என். வாட்சன். ராமானுஜனின் நோட்டுப் புத்தகங்களோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டிய அதே வாட்சன்.

சரியான விடையை முகர்ந்து பிடித்துவிடுவார், நிரூபணத்தில் ஓட்டை விடுவார். இது லூகாஸிடம் திரும்பத் திரும்பப் பார்க்கும் பழக்கம். பெரிய எண் விஷயத்திலும் இதுவேதான் நடந்தது.

ஒரு துறவியின் பட்டியல்

கதை லூகாஸுக்கு 200 ஆண்டுகளுக்கு முன்பே ஆரம்பிக்கிறது. 1644-ல் பாரிஸில் மரன் மெர்சென் என்ற கிறிஸ்தவத் துறவி ஒரு பட்டியல் வெளியிட்டார். இரண்டை இரண்டால் பலமுறை பெருக்கி, கடைசியில் ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் எண்களைப் பற்றியது அது. 2²−1 என்றால் 3. 2³−1 என்றால் 7. 2⁵−1 என்றால் 31. எல்லாம் பகா எண்கள். அடுக்கு பகா எண்ணாக இருந்தால்தான் விடையும் பகா எண்ணாக வாய்ப்பு உண்டு. ஆனால் அது மட்டும் போதாது. 11 பகா எண், ஆனால் 2¹¹−1 என்பது 2047, அதாவது 23 × 89.

257 வரையுள்ள அடுக்குகளில் எவை பகா எண் தரும் என்று மெர்சென் பட்டியல் போட்டார்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. எப்படிக் கண்டுபிடித்தார் என்று விளக்கவில்லை. சரிபார்க்க அன்று யாருக்கும் வழியும் இல்லை. 1772-ல் ஆய்லர் 31 வரை உறுதிசெய்தார். அந்த 2³¹−1 என்பது 2147483647. இதை எங்கேயோ பார்த்திருக்கிறீர்கள், இல்லையா? 32-பிட் இன்டிஜரில் வைக்கக்கூடிய மிகப்பெரிய மதிப்பு. பழைய சிஸ்டங்களின் கடிகாரம் 2038 ஜனவரி 19 அன்று தடுமாறும் என்று சொல்வதற்குக் காரணமும் இதே எண்தான்.

ஆய்லர் செய்தது, அடிப்படையில் வகுத்துப் பார்ப்பதுதான். எந்தெந்தக் காரணிகளுக்கு வாய்ப்பே இல்லை என்று புத்திசாலித்தனமாக ஒதுக்கிவிட்டு, மிஞ்சியவற்றால் வகுத்தார். 10 இலக்க எண்ணுக்கு அது சரிப்பட்டது. 39 இலக்க எண்ணுக்கு? அதன் வர்க்கமூலம் வரைக்கும் உள்ள ஒற்றைப்படை எண்களால், நொடிக்கு ஒன்று என்ற வேகத்தில் வகுத்துக்கொண்டே போனாலும் 20,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான்.

வகுக்காமலே சோதிப்பது எப்படி?

இங்கேதான் லூகாஸின் உண்மையான சாதனை. காரணியைத் தேடவே வேண்டாம் என்று முடிவு செய்தார். எண்ணுக்கு ஒரு தேர்வு வைப்போம், அதில் தேறினால் பகா எண், தேறாவிட்டால் இல்லை என்பது அவர் வழி.

தேர்வு இதுதான். 3-ல் தொடங்குங்கள். அதை வர்க்கமாக்கி 2-ஐக் கழியுங்கள். வரும் விடையை நீங்கள் சோதிக்கும் எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீதியை மறுபடி வர்க்கமாக்கி 2-ஐக் கழியுங்கள். இப்படியே, அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை செய்யுங்கள். கடைசியில் பூஜ்ஜியம் வந்தால் அது பகா எண்.

2⁷−1, அதாவது 127-ஐ வைத்து இப்போதே செய்து பார்க்கலாம். அடுக்கு 7, ஆகவே ஐந்து சுற்று. 3-ன் வர்க்கம் 9, இரண்டைக் கழித்தால் 7. அடுத்து 49−2, அதாவது 47. அடுத்து 2209−2, 2207. இதை 127-ஆல் வகுத்தால் மீதி 48. 48-ன் வர்க்கம் 2304, இரண்டைக் கழித்தால் 2302, மீதி 16. 16-ன் வர்க்கம் 256, இரண்டைக் கழித்தால் 254. அது சரியாக 127-ன் இரு மடங்கு. மீதி பூஜ்ஜியம். 127 பகா எண்.

இதையே 2047-க்குச் செய்தால் 3, 7, 47, 160, 1034, 620, 1609, 1471 என்று போய், மறுபடி 160-க்கே திரும்பி, ஒன்பதாவது சுற்றில் 1034-ல் நிற்கும். பூஜ்ஜியம் இல்லை, ஆகவே பகா எண் இல்லை. கவனித்தீர்களா, 23 என்றோ 89 என்றோ எங்கேயும் வரவில்லை. உள்ளே காரணி இருக்கிறது என்று மட்டும் தேர்வு சொல்கிறது. அது எது என்று சொல்வதில்லை.

3-ல் தொடங்குவது எல்லா அடுக்குக்கும் ஒத்துவராது. அடுக்கை 4-ஆல் வகுத்தால் மீதி 3 வர வேண்டும். 7, 11, 67, 127 எல்லாம் அந்த வகை. 4-ல் தொடங்கினால் எல்லா ஒற்றைப்படைப் பகா அடுக்குகளுக்கும் செல்லும் என்று பிற்பாடு ஒழுங்குபடுத்தியவர் அமெரிக்கரான டி.எச். லெமர். 1930-ல் லூகாஸின் நிரூபணத்தில் இருந்த ஓட்டைகளையும் அவரே அடைத்தார். அதனால் இன்று இதற்கு லூகாஸ்-லெமர் சோதனை என்று பெயர்.

3, 7, 47, 2207 என்ற இந்த வரிசை எங்கிருந்து வந்தது? 1, 3, 4, 7, 11, 18, 29, 47 என்று, முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது வரும் வரிசையைப் பாருங்கள். அதில் இரண்டாவது 3, நான்காவது 7, எட்டாவது 47, பதினாறாவது 2207. இவற்றுக்கு இன்று லூகாஸ் எண்கள் என்று பெயர். இதன் அண்ணன்தான் 1, 2, 3, 5, 8, 13 என்ற ஃபிபனாச்சி வரிசை. அந்த வரிசைக்கு ஃபிபனாச்சி பெயரை நிலைக்க வைத்ததும் லூகாஸ்தான்.

ஒரு இந்தியராக இதைப் படிக்கும்போது லேசாக உறுத்தும். காரணம், அந்த வரிசை ஃபிபனாச்சியின் 1202-ம் ஆண்டு புத்தகத்துக்கு முன்பே இங்கே இருந்தது. சமஸ்கிருத யாப்பில் குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு மாத்திரை. நான்கு மாத்திரை கொண்ட அடியை எத்தனை விதமாக அமைக்கலாம்? ஐந்து. ஐந்து மாத்திரை என்றால் எட்டு. விரஹாங்கர் இதைக் கவனித்தார். 1150 வாக்கில் குஜராத்தின் சமண அறிஞர் ஹேமச்சந்திரரும் எழுதினார். லூகாஸ் இதையெல்லாம் மறைத்தார் என்று கோபப்பட வேண்டியதில்லை. பாரிஸில் ஒரு பள்ளி ஆசிரியரின் மேசைக்கு வந்து சேர்ந்தது இத்தாலியரின் புத்தகம், குஜராத்தியின் புத்தகம் அல்ல. அவ்வளவுதான்.

127 கட்டங்கள்

தேர்வு கைக்கு வந்துவிட்டது. ஆனால் 127 அடுக்குக்கு 125 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் 39 இலக்க எண்ணை வர்க்கமாக்கி, வரும் 77, 78 இலக்க எண்ணை இன்னொரு 39 இலக்க எண்ணால் வகுக்க வேண்டும். நோட்டுப் புத்தகத்தில் இதை 125 தடவை பிழையில்லாமல் செய்ய முடியுமா?

லூகாஸ் பைனரிக்கு மாறினார். ஏன் என்று பாருங்கள். 1234-ஐ 99-ஆல் வகுத்தால் மீதி என்ன? வகுக்கவே வேண்டாம். 12-ஐயும் 34-ஐயும் கூட்டுங்கள், 46. ஓர் எண் 9-ஆல் வகுபடுமா என்று பார்க்க இலக்கங்களைக் கூட்டுவோமே, அதே தந்திரம். பத்தடிமானத்தில் 9, 99, 999 எப்படியோ, பைனரியில் 2¹²⁷−1 அப்படி. எழுதிப் பார்த்தால் 127 ஒன்றுகள் வரிசையாக நிற்கும். அதனால் எவ்வளவு பெரிய எண் வந்தாலும், 127 பிட்டுகளைத் தாண்டுவதை வெட்டி எடுத்துக் கீழ்ப் பகுதியோடு கூட்டினால் மீதி வந்துவிடும். வகுத்தல் என்ற வேலையே ஒழிந்தது.

இதைச் சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களில் காய்களை வைத்து விளையாட்டு மாதிரி செய்யலாம் என்று அவர் விவரித்தார். 127 அடுக்குக்குப் பலகையில் 127 வரிசை, வரிசைக்கு 127 கட்டம். கட்டத்தில் காய் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. வலது ஓரத்தில் வெளியேறும் காய் இடது ஓரத்தில் உள்ளே வரும். ஒரே நெடுவரிசையில் இரண்டு காய் இருந்தால் இரண்டையும் எடுத்துவிட்டு அடுத்த நெடுவரிசையில் ஒன்று வைக்க வேண்டும். உங்கள் பிராசஸர் இன்று சிலிக்கானில் செய்வதும் இதைத்தான். கிரிப்டோகிராஃபி எழுதுபவர்களுக்கு இந்த எண்ணைப் பிடிக்கும் காரணமும் இதுவே. 2015-ல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வடிவமைத்த 'ஃபோர்க்யூ' என்ற எலிப்டிக் கர்வ், லூகாஸின் இதே எண்ணை அடித்தளமாக வைத்துத்தான் கட்டப்பட்டது. மீதி காண்பது அவ்வளவு மலிவு.

125 சுற்று முடிந்ததும் கட்டங்கள் பூஜ்ஜியம் காட்டின. 1876-ல் அறிவித்தார்.

நம்பலாமா என்று நீங்கள் கேட்கலாம். நடுவில் ஒரு காயை மாற்றி வைத்திருந்தால்? நியாயமான கேள்வி, ஆனால் இதற்குள் ஓர் அழகு இருக்கிறது. வழியில் பிழை நேர்ந்திருந்தால் கடைசி மீதி ஏதோ ஒரு கன்னாபின்னா எண்ணாக இருக்கும். 39 இலக்கத்துக்குள் எத்தனையோ மீதிகள் சாத்தியம். தப்பாகப் போட்ட கணக்கு அத்தனையையும் விட்டுவிட்டுச் சரியாகப் பூஜ்ஜியத்தில் வந்து உட்கார்வது நடக்காத காரியம். பூஜ்ஜியம் வந்தது என்றால் கணக்கு சரி என்பதற்கு அதுவே சாட்சி.

மறுபக்கம் அப்படியில்லை. மெர்சென் பட்டியலில் இருந்த 67-ஐயும் லூகாஸ் சோதித்து, 2⁶⁷−1 பகா எண் அல்ல என்றார். துறவியின் பட்டியலில் தவறு இருப்பது அப்போதுதான் வெளிப்பட்டது. ஆனால் பூஜ்ஜியம் வராததற்குக் காரணம் எண்ணா, கணக்குப் போட்டவரின் கையா என்று வெளியாள் எப்படிச் சொல்வது? காட்டுவதற்குக் காரணியும் இல்லை. 1903-ல் தான் அமெரிக்கக் கணிதவியலாளர் ஃபிராங்க் நெல்சன் கோல் அந்த 21 இலக்க எண்ணைப் பிளந்து காட்டினார்: 193707721 × 761838257287. லூகாஸ் சொன்னது சரி. ஆனால் அப்போது அவர் உயிரோடு இல்லை.

127-க்கும் மறுசரிபார்ப்பு நடந்தது. 1914-ல் பிரெஞ்சுக்காரர் ஃபோகம்பெர்க் தனியாகக் கணக்குப் போட்டு உறுதிசெய்தார். மெர்சென் பட்டியலில் 257-ம் தவறு என்பதும், 61, 89, 107 விட்டுப்போனதும் பின்னால் தெரிந்தது.

காசியில் இல்லாத கோயில்

1883-ல் பாரிஸ் கடைகளில் ஒரு மரப் பொம்மை விற்பனைக்கு வந்தது. மூன்று குச்சி, எட்டு வட்டு. தயாரித்தவர் சியாமைச் சேர்ந்த என். க்ளாஸ் என்ற பேராசிரியராம், லி-சூ-ஸ்தியான் என்ற கல்லூரியில் பணிபுரிகிறாராம். எல்லாம் கப்ஸா. பிரெஞ்சு எழுத்துகளை மாற்றி அடுக்கினால் முதல் பெயர் 'ஆமியானின் லூகாஸ்' என்று வரும், கல்லூரிப் பெயர் 'சான் லூயி' என்று வரும். தன் பெயரையும், ஊரையும், வேலை பார்க்கும் பள்ளியையும் குலைத்துப் போட்டுக் கிழக்காசிய வேஷம் கட்டியிருந்தார் மனிதர்.

அடுத்த ஆண்டே ஆன்ரி த பார்வில் என்ற எழுத்தாளர் அதற்கு இந்திய வேஷமும் போட்டார். காசியில் ஒரு கோயில், அங்கே மூன்று வைர ஊசிகள், 64 தங்க வட்டுகள். பூசாரிகள் இரவும் பகலும் அவற்றை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், எல்லாம் மாறி முடியும்போது உலகம் அழியும் என்று ஒரு கதை. அது உலகம் முழுக்கச் சுற்றி, வாட்ஸ்அப் வழியாக நமக்கே 'பண்டைய இந்திய ரகசியம்' என்று திரும்பி வருகிறது. வந்தால் ஃபார்வர்ட் செய்யாதீர்கள். காசியில் அப்படி ஒரு கோயில் இல்லை. பாரிஸில் பொம்மை விற்றதோடு சேர்ந்து வளர்ந்த கற்பனை அது.

கணக்கு மட்டும் உண்மை. 64 வட்டுகளை நொடிக்கு ஒன்றாக நகர்த்தினால் சுமார் 58,000 கோடி ஆண்டுகள் ஆகும். காரணம், n வட்டுகளுக்குக் குறைந்தபட்சம் 2ⁿ−1 நகர்த்தல்கள் வேண்டும். எட்டு வட்டுக்கு 255.

2ⁿ−1. இதே வடிவத்தை மேலே எங்கே பார்த்தோம்? மெர்சென் பட்டியலில். பகலில் பாடம், மிச்ச நேரத்தில் பெரிய எண், அதற்கு நடுவே குழந்தைகளுக்கு ஒரு பொம்மை என்று மூன்று வேலை செய்தது மாதிரி தெரியும். ஆனால் பொம்மைக்குள் இருந்ததும் அதே எண்கள்தான். 127 வட்டு கொண்ட ஹனோய் கோபுரத்தை மாற்றத் தேவையான நகர்த்தல்களின் எண்ணிக்கை, அச்சு அசல் அவர் கண்டுபிடித்த பகா எண். நீங்கள் லேபில் எழுதிய ரிகர்ஷனுக்கு 127 என்று இன்புட் கொடுத்தால், அது முடியாமல் ஓடிக்கொண்டே எண்ண முயல்வது அந்த 39 இலக்கத்தைத்தான்.

விளையாட்டுக் கணக்குகளுக்காகவே அவர் நான்கு தொகுதிகள் எழுதினார். முதல் தொகுதி 1882-ல் வந்தது. புள்ளிகளை இணைத்துக் கட்டம் பிடிக்கும் விளையாட்டு, வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஆடியிருப்பீர்களே, அதை முதலில் அச்சில் கொண்டுவந்ததும் அவர்தான். கடைசி இரண்டு தொகுதிகள் வெளிவந்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

உடைந்த தட்டு

1891 செப்டம்பரில் பிரெஞ்சு அறிவியல் முன்னேற்றச் சங்கத்தின் மாநாடு மார்சேய் நகரில் நடந்தது. விருந்தின்போது பரிமாறுபவர் கையிலிருந்து தட்டு விழுந்து உடைந்தது. ஒரு சில்லு தெறித்து லூகாஸின் கன்னத்தைக் கீறியது. சின்னக் காயம்தான். ஆனால் அதில் எரிசிபெலஸ் என்ற பாக்டீரியா தொற்று ஏறியது. பெனிசிலின் வர இன்னும் பல பத்தாண்டுகள் இருந்தன. அக்டோபர் 3-ம் தேதி பாரிஸில் இறந்துபோனார்.

அதே ஆண்டுதான் அவருடைய எண் கோட்பாட்டு நூலின் முதல் தொகுதி வெளிவந்திருந்தது. இரண்டாவது தொகுதி வரவே இல்லை. இன்றைக்கு என்றால் பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஆன்டிபயாடிக் போதுமாக இருந்திருக்கும். இதை நினைத்தால் மனம் என்னவோ செய்கிறது.

இன்று எங்கே இருக்கிறது அவர் எண்?

லூகாஸின் சாதனையை 1951-ல் முதலில் முறியடித்தது, மேசைக் கணக்கு இயந்திரத்தின் உதவியோடு காட்டப்பட்ட 44 இலக்க எண். அதே ஆண்டில் மில்லரும் வீலரும் கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினியில் 79 இலக்கப் பகா எண்ணைக் கண்டார்கள். அதைக் கட்டிய விதம் சுவாரசியம்: லூகாஸின் எண்ணை எடுத்து, வர்க்கமாக்கி, 180-ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டினார்கள். 1952-ல் ராஃபேல் ராபின்சன் லூகாஸ்-லெமர் சோதனையை அமெரிக்காவின் ஸ்வாக் கணினியில் ஓட்டினார். அந்த ஒரே ஆண்டில் ஐந்து புதிய மெர்சென் பகா எண்கள் கிடைத்தன.

1996 முதல் 'கிம்ப்ஸ்' என்ற தன்னார்வலர் கூட்டமைப்பு உலகெங்கும் கணினிகளை இணைத்து இந்த வேட்டையை நடத்துகிறது. 2024 அக்டோபரில் லூக் டியூரன்ட் என்பவர் கிளவுட் ஜிபியுக்களைப் பயன்படுத்தி 2¹³⁶²⁷⁹⁸⁴¹−1 என்ற எண்ணைப் பிடித்தார். 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள், 52-வது மெர்சென் பகா எண். முதல் அறிகுறி வேறொரு விரைவுச் சோதனையில் கிடைத்தது. ஆனால் அறிவிப்பதற்கு முன் கடைசி முத்திரை குத்தியது, மூலானில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் வகுத்த அதே சோதனைதான்.

பூஜ்ஜியம் பற்றி மேலே சொன்னது இங்கேயும் எதிரொலிக்கிறது. பகா எண் இல்லை என்று வரும் முடிவுகளை கிம்ப்ஸ் பல ஆண்டுகளாக இரண்டாம் முறை ஓட்டிச் சரிபார்த்து வந்தது. ஏதோ ஒரு கணினியின் மெமரியில் ஒரு பிட் புரண்டிருந்தால்கூட ஒரு பகா எண் கைநழுவிப் போய்விடுமே. லூகாஸுக்கு 67-ல் இருந்த அதே சிக்கல்.

இந்தச் செய்திகள் வரும்போதெல்லாம், இந்த ராட்சத எண்கள்தான் உங்கள் வங்கிக் கணக்கைக் காக்கின்றன என்று சேர்த்து எழுதிவிடுகிறார்கள். அது சரியில்லை. ஆர்எஸ்ஏ முறைக்குத் தேவைப்படுபவை சில நூறு இலக்கங்கள் கொண்ட, வெளியே யாருக்கும் தெரியாத பகா எண்கள். ஊருக்கே தெரிந்த சாதனை எண் பூட்டுக்கு உதவாது. லூகாஸ் அதற்காகத் தேடவும் இல்லை. மெர்சென் பட்டியல் சரியா என்று தெரிய வேண்டும், அதுதான் அவருக்கு.

தெரியாதவை இன்னும் நிறைய இருக்கின்றன. மெர்சென் பகா எண்கள் முடிவில்லாமல் உள்ளனவா? நிரூபணம் இல்லை. லூகாஸ் அறிவித்த அதே 1876-ல் கத்தலான் என்ற கணிதவியலாளர் ஒரு சங்கிலியைக் கவனித்தார். இரண்டின் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் 3. மூன்றை அடுக்காக வைத்தால் 7. ஏழை வைத்தால் 127. 127-ஐ வைத்தால் லூகாஸின் எண். எல்லாமே பகா எண்கள். அப்படியானால் லூகாஸின் எண்ணையே அடுக்காக வைத்தால்? அந்த எண்ணில் எத்தனை இலக்கங்கள் என்பதை எழுதவே 38 இலக்கங்கள் தேவை. எந்தக் கணினியாலும் அதற்கு இந்தச் சோதனையை ஓட்ட முடியாது. விடை தெரியாது.

லூகாஸின் எண்ணை நேரில் பார்க்க வேண்டுமா? ரஸ்ட் தெரிந்தவர் என்றால் குறியுள்ள 128-பிட் இன்டிஜரின் உச்ச மதிப்பைப் பிரின்ட் செய்யுங்கள், அந்த 39 இலக்கமும் வந்து நிற்கும். பைதான் என்றால் இன்னும் எளிது. ஒரு மாறியில் 3, 125 தடவை ஒரு லூப், உள்ளே வர்க்கம், இரண்டு கழித்தல், மீதி. என்டர் தட்டியவுடன் 0 என்று வரும். பிறகு அடுக்கை 67 என்றும் சுற்றை 65 என்றும் மாற்றி ஓட்டுங்கள். பூஜ்ஜியம் வராது. காரணி எது என்றும் அது சொல்லாது.